உடலைத் தூக்குவதற்கு முன்: முதலில் போய்ச் சேர்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள காவலர்களுக்கும் ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கும் தீயணைப்பு வீரர்களுக்கும்,

வணக்கம்.

நீங்கள் அனுப்பிவைக்கும் உடல்களை மேசையில் கிடத்திப் பார்த்து, இறப்புக்குக் காரணம் இன்னது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. நமக்குள் பேச்சு அதிகம் இருப்பதில்லை. நீங்கள் ஒரு தாளை நீட்டுவீர்கள். நான் வாங்கிப் படித்துவிட்டுக் கையுறையை மாட்டிக்கொள்வேன். பெயர், வயது, கண்ட நேரம், முதலில் கண்டவர் யார், உடம்பில் காயம் உண்டா இல்லையா எல்லாம் அந்தத் தாளில் இருக்கும். ஒரு வரி மட்டும் விடுபட்டிருக்கும், அல்லது ஒப்புக்கு எழுதப்பட்டிருக்கும். நீங்கள் கதவைத் திறந்தபோது அந்த மனிதர் எப்படிக் கிடந்தார் என்ற வரி. அதைக் கேட்டுத்தான் இந்த மடல்.

ஒருவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நடுவயதுக்காரர். இரவு பத்து மணிக்கு வீட்டில் பேசியிருக்கிறார். காலை எட்டு மணிக்கு உயிர் இல்லை. "படுக்கையில் மல்லாந்த நிலையில் இறந்து கிடந்தார்" என்று தாளில் இருந்தது. என் மேசைக்கு வந்தபோதும் கைகால் நேராக, ஒழுங்காகத்தான் இருந்தார். ஆனால் முகம் கருநீலம். கண்ணிமையின் உட்புறம் குண்டூசி முனையளவு ரத்தப் புள்ளிகள். வயிற்றைத் திறந்ததும் மது வாடை. இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்றில் ஓரளவு அடைப்பு. மாரடைப்பு என்று எழுதி முடித்திருக்கலாம். பேனாவை எடுத்தும் விட்டேன்.

வெளியே வேறு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. கணவன் மனைவிக்குள் முந்தின நாள் சண்டையாம். முகம் அப்படிக் கறுத்திருக்கிறதே, தலையணையை வைத்து அமுக்கியிருப்பாளோ என்று சொந்தக்காரர்களே முணுமுணுக்கத் தொடங்கியிருந்தார்கள்.

உடலைப் புரட்டிப் பார்த்தபோதுதான் ஒன்று உறுத்தியது. இதயம் நின்றதும் ரத்தம் தண்ணீரைப் போலப் பள்ளம் பார்த்து இறங்கும். இறங்கிய இடத்தில் தோலுக்கு அடியில் கருஞ்சிவப்புக் கறையாகத் தெரியும். அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தெரிய ஆரம்பிக்கும். ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் அங்கேயே உறைந்துவிடும், பிறகு உடலைத் திருப்பிப் போட்டாலும் இடம் மாறாது. மல்லாந்து இறந்தவருக்கு அந்தக் கறை முதுகில் இருக்க வேண்டும். இவருக்கு முதுகின் கீழ்ப்பாதி வெளிறிக் கிடந்தது. கறை முழுக்க முகத்திலும் கழுத்திலும் தோளிலும். காறையெலும்புக்குச் சற்றுக் கீழே மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு நேர்கோடாக ஒரு வெளுப்பு, அளவுகோல் வைத்து அழித்ததுபோல. உயிர் போனபின் ஏதோ ஒரு விளிம்பு அந்த இடத்தை விடாமல் அழுத்திக்கொண்டிருந்திருக்கிறது. இவர் மல்லாந்து இறக்கவில்லை.

வெளியே போய், முதலில் பார்த்தவர் யார் என்று கேட்டேன். அண்ணன் முன்னால் வந்தார். "கட்டிலுக்கும் சுவத்துக்கும் நடுவுல தலகீழா கெடந்தான் டாக்டர். தலை தரையில, காலு கட்டில்மேல. அப்படிப் பார்க்க மனசு கேக்கல. அதான் தூக்கி நேரா படுக்கவெச்சோம்" என்றார். அவர்கள் படுக்கவைத்த பிறகுதான் உங்களில் ஒருவர் போயிருக்கிறார். கண்ணால் கண்டதை எழுதியிருக்கிறார். யார் மேலும் தப்பில்லை. ஆனால் அந்த அண்ணன் அன்றைக்கு மருத்துவமனை வாசலில் நின்றிருக்காவிட்டால், நான் ஒரு பொய்யில் கையெழுத்துப் போட்டிருப்பேன்; அல்லது அந்த மனைவி ஆயுளுக்கும் ஒரு சந்தேகத்தைச் சுமந்திருப்பாள்.

இப்படிப்பட்ட இறப்பைத் தடய மருத்துவத்தில் பொசிஷனல் அஸ்பிக்ஸியா என்போம். உடல் கிடந்த நிலையே மூச்சை அடைத்துக் கொல்வது. கயிறு இல்லை, விஷம் இல்லை, கழுத்தில் விரல் பதிந்த தடம் இல்லை. இதில் சாட்சியம் உடலுக்குள் இல்லை, உடல் கிடந்த விதத்தில் இருக்கிறது. தூக்கி ஸ்ட்ரெச்சரில் நேராகப் போட்ட அந்த நொடியிலேயே அது கலைந்துவிடுகிறது.

கத்திக்கு எல்லாம் தெரிந்துவிடும் என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரியும். மன்னியுங்கள், தெரியாது. முகம் கறுப்பது, உறுப்புகளில் ரத்தம் கட்டுவது, நுரையீரலில் நீர் கோர்ப்பது, இதயத்தின் வலப்பக்கம் உப்புவது, குட்டி ரத்தப் புள்ளிகள்: இவையெல்லாம் மூச்சடைத்து இறந்ததன் அடையாளம் என்று ஒரு காலத்தில் பாடமே நடந்தது. பிரெஞ்சு மருத்துவர் ஆம்புருவாஸ் தார்தியூ 1855இல் நுரையீரலின் மேலுறையில் தென்படும் புள்ளிகளை மூச்சடைப்பின் முத்திரை என்றே எழுதினார். அதே புள்ளிகள் இதயம் நின்று இறந்தவரிடமும் வலிப்பில் இறந்தவரிடமும் இருக்கின்றன என்பது பின்னால் தெரிந்தது. இன்றைக்கு அந்த அடையாளங்களை மட்டும் வைத்துக்கொண்டு மூச்சடைப்பு என்று எழுதுவது தவறு.

இன்னும் பின்னால் போனால், 1828இல் எடின்பரோவில் பர்க், ஹேர் என்ற இருவர் 16 பேரைக் கொன்று, உடல்களை உடற்கூறு கற்பித்த ஒரு மருத்துவரிடம் விற்றார்கள். மேலே ஏறி அமர்ந்து நெஞ்சை அசையவிடாமல் செய்து, மூக்கையும் வாயையும் பொத்துவது அவர்கள் வழி. உடல்கள் போய்ச் சேர்ந்ததோ உடம்பை அக்குவேறு ஆணிவேறாக அறிந்தவர்களின் மேசைக்கு. அங்கே குட்டு உடையவில்லை. அதே வீட்டில் தங்கியிருந்த ஒரு தம்பதி, கட்டிலருகே வைக்கோலுக்கு அடியில் ஒரு பெண்ணின் உடலைப் பார்த்ததால்தான் உடைந்தது. இடத்தைப் பார்த்தவர்கள்தான் அன்றும் உண்மையைச் சொன்னார்கள்.

மூச்சு என்றாலே மூக்கையும் வாயையும்தான் நினைக்கிறோம். கொல்லன் பட்டறைத் துருத்தியை நினைத்துப் பாருங்கள். வாயை அடைத்தாலும் காற்று நிற்கும், வாய் திறந்திருக்கத் துருத்தியையே விரியவிடாமல் பிடித்துக்கொண்டாலும் நிற்கும். நம் உடம்பில் அந்தத் துருத்தி நெஞ்சுக்கூடும், அதற்குக் கீழே நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் என்ற தசையும். உதரவிதானம் கீழே இறங்க வேண்டும், விலாக்கள் அகல வேண்டும், அப்போதுதான் காற்று உள்ளே வரும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை இது நடந்தாக வேண்டும். தலைகீழாகத் தொங்கினால் ஈரல், குடல் எல்லாம் உதரவிதானத்தின் மேல் சுமையாக ஏறும். ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தச் சுமையைத் தூக்கியாக வேண்டும். குறுகிய சந்தில் நெஞ்சு செருகிக்கொண்டால் விலா அகலாது. மோவாய் நெஞ்சில் முட்டும்படி கழுத்து மடங்கினால் மூச்சுப் பாதையே மடங்கிப்போகும். கட்டிலோரத்தில் கிடந்த அந்தத் தம்பிக்கு மூன்றும் சேர்ந்தே நடந்திருக்கின்றன.

தூங்கும்போது நாம் எல்லோருமே கோணல்மாணலாகத்தான் படுக்கிறோம். ரத்தத்தில் கரியமில வாயு ஏறியதும் மூளை உலுக்கிவிடும். புரண்டு படுப்போம், காலையில் நினைவுகூட இருக்காது. அந்த உலுக்கல் வேலை செய்யாதபோதுதான் நிலை கொல்கிறது. மது, அபின் வகை மருந்துகள், தூக்க மாத்திரை, வலிப்பு, தலைக்காயம், பக்கவாதம். அல்லது விழிப்பு இருந்தும் விலக முடியாதபடி சிக்கிக்கொள்வது. 1992இல் அமெரிக்காவின் புளோரிடாவில் இரண்டு மாவட்டங்களின் மரண விசாரணை மருத்துவர்கள், 1982 முதல் 1990 வரை தாங்கள் கண்ட 30 பேரின் இறப்பைத் தொகுத்து எழுதினார்கள். அதில் மிகப் பெரும் பங்கு மதுவுக்குத்தான். இந்த முடிவை எழுதுவதற்கு என்னென்ன வேண்டும் என்பதும் அந்த ஆய்வில் இருக்கிறது: மூச்சைத் தடுக்கும் நிலையில் உடல் இருந்திருக்க வேண்டும், அதிலிருந்து அவர் விலக முடியாமல் போனதற்குக் காரணம் தெரிய வேண்டும், இறப்புக்கு வேறு காரணம் இல்லை என்று ஆக வேண்டும். கடைசி ஒன்றைத்தான் நான் மேசையில் பார்த்துச் சொல்ல முடியும். முதல் இரண்டும் உங்கள் கையில்.

போதை எதுவும் இல்லாமலும் நடக்கும். 2009இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நட்டி பட்டி என்ற குகைக்குள் 26 வயது இளைஞர் ஒருவர் ஒடுங்கிய பொந்தில் தலைகீழாகச் சிக்கிக்கொண்டார். திடகாத்திரமானவர், கடைசி நேரம் நெருங்கும்வரை மீட்பவர்களோடு பேசிக்கொண்டிருந்தவர். ஒரு நாளுக்கும் மேலாகப் போராடியும் வெளியே எடுக்க முடியவில்லை. அவரை உள்ளேயே விட்டுக் குகையை அடைத்துவிட்டார்கள்.

குழந்தைகள் விஷயத்தை எழுத எனக்குக் கை வருவதில்லை, ஆனாலும் எழுதியாக வேண்டும். பச்சிளங் குழந்தைக்குத் தலை கனம், கழுத்தில் பலம் இல்லை. காருக்கான சாய்விருக்கையிலோ ஊஞ்சல் இருக்கையிலோ மணிக்கணக்கில் தூங்கவிட்டால் மோவாய் மெல்ல நெஞ்சில் இறங்கிவிடும். அழுகை இருக்காது, துடிப்பு இருக்காது. நீங்கள் போகும்போது குழந்தை தாயின் மடியில்தான் இருக்கும். எந்தத் தாயும் பிள்ளையைக் கிடந்தபடியே விட்டுவைக்க மாட்டாள், அப்படி எதிர்பார்க்கவும் கூடாது. இதற்காகத்தான் பல இடங்களில் பொம்மை வைத்துக் காட்டச் சொல்லும் முறை இருக்கிறது. முகம் வரையாத, துணியாலான சாதாரண பொம்மை ஒன்று. தூங்கப்போட்டபோது எப்படிப் போட்டீர்கள், பார்த்தபோது எப்படிக் கிடந்தது என்று இரண்டையும் அதே இருக்கையில், அதே விரிப்போடு, அவர்களையே செய்துகாட்டச் சொல்லிப் படமெடுப்பது. அதைக் கேட்பதற்குக் கல்மனம் வேண்டும் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பக்கத்தில் அமர்ந்து, தாழ்ந்த குரலில், அவசரப்படாமல் கேட்டால் பெற்றோர் செய்துகாட்டுகிறார்கள். காரணம் தெரியாமல் வீட்டுக்குப் போவது அவர்களுக்கு அதைவிடக் கொடுமை. அடுத்த பிள்ளையை எப்படித் தூங்கவைப்பது என்பதும் அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

இனிச் சொல்லப்போவது காவலர்களுக்குக் கசக்கும். இதுவரை சொன்ன நிலைகளில் மனிதர்கள் தாங்களாக விழுந்தார்கள். ஒரு நிலையில் மட்டும் நாம் கொண்டுபோய் வைக்கிறோம்: குப்புறத் தள்ளி, கைகளைப் பின்னால் பூட்டி, முதுகில் முழங்காலை ஊன்றி.

இதைப் பற்றி மருத்துவர்களுக்குள்ளேயே நீண்ட வாக்குவாதம் நடந்திருக்கிறது. 1988இல் அமெரிக்கத் தடய மருத்துவர் டொனால்ட் ரே, உடற்பயிற்சி செய்து களைத்தவர்களைக் கைகாலைப் பின்னால் சேர்த்துக் கட்டிக் குப்புறப் போட்டபோது அவர்கள் இயல்புக்குத் திரும்ப அதிக நேரம் பிடித்ததாக எழுதினார். 1992இல், அப்படிக் குப்புறக் கிடத்திக் காவல் வண்டியின் பின்பக்கம் ஏற்றிப்போகும்போது இறந்த மூவரைப் பற்றியும் எழுதினார். 1997இல் சான் டியேகோவில் ஆரோக்கியமான 15 ஆண்களை வைத்துச் செய்த சோதனையில், நுரையீரல் விரிவது குறைந்தாலும் ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்கு இறங்கவில்லை என்று வந்தது. நிலைக்கும் சாவுக்கும் தொடர்பே இல்லை என்று வழக்கு மன்றங்களில் வாதாட அந்த 15 பேர் பல ஆண்டுகளுக்குப் பயன்பட்டார்கள்.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். ஆய்வுக்கூடத்தில் படுத்தவர்கள், போதும் என்று கைகாட்டினால் அவிழ்த்துவிடுவார்கள் என்று தெரிந்து படுத்தவர்கள். உங்கள் முழங்காலுக்குக் கீழே இருப்பவர் ஓடிவந்தவர், திமிறியவர், உயிர்ப்பயத்தில் இருப்பவர். பல நேரம் போதையிலோ மனநோயின் உச்சத்திலோ இருப்பவர். திமிறிய தசைகளில் இருந்து அமிலம் ரத்தத்தில் கொட்டிக்கொண்டிருக்கும். அதை வெளியேற்ற உடம்புக்கு உள்ள விரைவான வழி வேகவேகமாக, ஆழ ஆழ மூச்சுவிடுவது. அந்த நேரம் பார்த்து நெஞ்சை அமுக்கிப் பிடித்தால், ஆக்சிஜன் தீரும் முன்பே அமிலம் இதயத்தை நிறுத்திவிட முடியும். 2022இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை இதைக் குப்புறப் பிடித்து வைக்கும்போது நேரும் இதயநிறுத்தம் என்றே பெயரிட்டு விளக்கியது. அது மூச்சடைப்பா இதயநிறுத்தமா என்று நாங்கள் எங்களுக்குள் வாதாடிக்கொள்கிறோம். உங்களுக்கு அந்த வாதம் தேவையில்லை. இரண்டுக்கும் மாற்று ஒன்றே: முதுகிலிருந்து எழுந்து, ஆளைப் பக்கவாட்டில் திருப்புவது. விலங்கு பூட்டியதும் குப்புறக் கிடப்பவரைத் திருப்பிவிடுங்கள் என்று அமெரிக்க நீதித்துறை 1995லேயே காவல்துறைக்குச் சுற்றறிக்கை விட்டது. அதற்கு 25 ஆண்டுகள் கழித்து, 2020 மே மாதம் மினியாபொலிஸ் தெருவில் ஜார்ஜ் ஃபிளாய்டு என்பவரைக் காவலர்கள் குப்புறப் போட்டு 9 நிமிடம் 29 நொடி அழுத்திவைத்திருந்தார்கள்; அவர் இறந்துபோனார்.

அந்த வழக்கில் சாட்சி சொன்ன நுரையீரல் மருத்துவர் மார்ட்டின் டோபின் உடைத்துக் காட்டிய ஒரு நம்பிக்கையை நீங்களும் விட்டுவிட வேண்டும். "பேச முடிகிறதே, அப்படியானால் மூச்சு இருக்கிறது" என்பது. சாதாரணமாக ஒரு மூச்சுக்கு அரை லிட்டர், அதாவது 500 மில்லி லிட்டர் காற்று உள்ளே போகும். அதில் 150 மில்லி தொண்டையிலும் குழாய்களிலுமே தங்கிவிடும். அதனால் ரத்தத்துக்கு ஒரு பயனும் இல்லை. நெஞ்சு அமுங்கி, மூச்சு 150, 200 மில்லியாகச் சுருங்கிப்போனவரால் அப்போதும் கத்த முடியும். குரல்வளைக்கு அந்தக் காற்றுப் போதும், உயிருக்குப் போதாது. "மூச்சு விட முடியல" என்று அவர் சொல்வது பொய் இல்லை, நடிப்பும் இல்லை. திமிறல் திடீரென்று அடங்கினால் பணிந்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளாமல் நாடியைத் தொட்டுப் பாருங்கள்.

எங்கள் பக்கத்துத் தப்பையும் சொல்லிவிட வேண்டும். இப்படி இறந்தவர்களுக்கு வெறி மிகுந்த பிதற்றல் நிலை என்ற பெயரில் ஒரு காரணத்தைப் பல ஆண்டுகள் எழுதிக்கொண்டிருந்தவர்கள் மருத்துவர்கள்தான். செத்தவர் தன் வெறியாலேயே செத்தார் என்பதாக அது முடிந்துபோகும். 2023இல் அமெரிக்க மரண விசாரணை மருத்துவர்களின் தேசியச் சங்கம் அதை ஒரு காரணமாக ஏற்பதில்லை என்று அறிவித்தது. அவசர சிகிச்சை மருத்துவர்களின் அமைப்பும் 2009இல் தான் தந்த ஆதரவை அந்த 2023ஆம் ஆண்டிலேயே விலக்கிக்கொண்டது. நிலையைப் பற்றிய வரி விடுபட்ட தாள்கள்தான் அந்தப் பெயர் அத்தனை காலம் உயிரோடிருக்க இடம் கொடுத்தன என்று நான் நம்புகிறேன்.

சரி, என்ன செய்யச் சொல்கிறேன்? உயிர் இருக்கும் என்று துளி சந்தேகம் இருந்தாலும் எதையும் பார்க்காதீர்கள், இழுத்து வெளியே போடுங்கள், நேராக்குங்கள், மூச்சுப் பாதையைத் திறங்கள். படமும் வேண்டாம் குறிப்பும் வேண்டாம். கண்ணில் பட்டதை அப்புறம் எழுதிக்கொள்ளலாம். உயிர் போய் வெகுநேரம் ஆகிவிட்டது, உடல் விறைத்துவிட்டது என்று தெரிந்தால் மட்டும் ஒரு நிமிடம் நில்லுங்கள். கைப்பேசியில் நான்கு பக்கமிருந்தும் படமெடுங்கள், தலைக்குப் பக்கத்தில் குனிந்து இன்னொன்று. மூக்கும் வாயும் எதை ஒட்டி இருக்கின்றன, மோவாய் நெஞ்சைத் தொடுகிறதா, நெஞ்சையோ வயிற்றையோ எது அழுத்துகிறது, செருகிய இடைவெளி எத்தனை அங்குலம் என்று பாருங்கள். விறைத்த கால் அந்தரத்தில் மடங்கி நின்றால் அதை அப்படியே எழுதுங்கள். ஸ்ட்ரெச்சரில் படுக்கவைக்க விறைப்பை உடைத்து நேராக்கினால் அதையும் எழுதுங்கள். வீட்டார் ஏற்கெனவே நகர்த்தியிருந்தால் "ஏன் தொட்டீர்கள்" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள். "நீங்க பார்த்தப்போ எப்படி இருந்தாரு" என்று கேளுங்கள். இடுக்கில் மாட்டிக்கொண்ட பொருளைப் போலக் கிடந்தவரை மனிதராகக் கிடத்தியவர்கள் அவர்கள்.

உங்கள் பிடியில் இருந்தவர் இறந்துபோனாலும் இதே வரி வேண்டும். எத்தனை பேர் பிடித்தீர்கள், யார் எங்கே ஊன்றினீர்கள், எத்தனை நிமிடம், எப்போது திருப்பினீர்கள். எழுதுவது எளிதல்ல என்று தெரியும். எழுதாத தாளில் நான் எழுதும் காரணம் உங்களையும் காப்பாற்றாது.

அந்த அண்ணன் அன்றைக்கு வாயால் சொன்னது எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. என் பேனாவை வாங்கி, உங்கள் தாளின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினார். சுவருக்கு ஒரு கோடு, கட்டிலுக்கு இரண்டு கோடு, நடுவில் வளைந்து இறங்கும் ஒரு கோடு. தலை எது கால் எது என்று எனக்குத் தெரியாமல் போய்விடுமோ என்று கீழ் முனையில் ஒரு சின்ன வட்டம் போட்டு, அதற்குள் "தம்பி" என்று எழுதினார். தாளின் முன்பக்கத்தில் "மல்லாந்த நிலையில்" என்பது அடிக்கப்படாமல் இன்னும் இருக்கிறது. நான் காரணத்தை எழுதியது பின்பக்கத்தைப் பார்த்து.

இப்படிக்கு,
உங்கள் தாளுக்காகக் காத்திருக்கும் ஒரு தடய மருத்துவர்